மீந்த உப்புக்கறியும் உருகாத சீஸும்

கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வருடா வருடம் மிஞ்சுவது ஒன்றுதான். பிரியாணிப் பாத்திரம் அன்றிரவே காலியாகிவிடும். விந்தாலுவை மச்சான் டப்பாவில் போட்டு எடுத்துப் போய்விடுவான். கேக்குக்கு ஜனவரிவரை ஆள் உண்டு. கீழ்த்தட்டில் எவர்சில்வர் டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கும் உப்புக்கறியை, அதாவது உப்புத் தண்ணீரில் ஊறவைத்து வேகவைத்த மாட்டுக்கறியை, மட்டும் யாரும் சீண்டமாட்டார்கள். இந்தத் தடவை தராசில் வைத்துப் பார்த்தேன். 640 கிராம்.

25-ஆம் தேதி மதியம் இதே கறியைச் சூடாகச் சீவி வைத்தபோது அடித்துப் பிடித்துச் சாப்பிட்டவர்கள்தான். ஒரே நாளில் அதன் முகம் மாறிவிட்டது. மேலே கொழுப்பு மெழுகுபோல் உறைந்து, வெட்டிய பக்கம் காய்ந்து, நிறம் சாம்பலுக்குப் போயிருந்தது. மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "டாடி, இது செருப்புத் தோலா?" என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சரி, இதைச் சூடான சீஸ் சாண்ட்விச்சாக்கித் தீர்த்துவிடலாம் என்று 26-ஆம் தேதி இரவு இறங்கினேன். மூன்று நாளில் பதினோரு சாண்ட்விச். அதில் முதல் நான்கு உருப்படவில்லை. எங்கே கெட்டது, எப்படிச் சரியாயிற்று என்று எழுதிவைக்கிறேன். அடுத்த டிசம்பருக்குள் எனக்கே மறந்துவிடும்.

முதலில் கறியைப் பற்றி. நாங்கள் இருப்பது பெங்களூர் காக்ஸ் டவுன். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளுக்கு இந்த உப்புக்கறி ஆங்கிலோ இந்தியர்களிடமிருந்து வந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான். ஆங்கிலத்தில் கார்ன்ட் பீஃப் என்பது கிட்டத்தட்ட இதுவே. கல்யாணமான புதிதில் என் மனைவி, "எல்லாம் சரி, இதுல சோளம் எங்க?" என்று கேட்டாள். சோளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய ஆங்கிலத்தில் கார்ன் என்றால் தானிய மணி. கறியில் தேய்த்த கல்லுப்பு தானிய மணி அளவுக்குப் பெரிதாக இருந்ததால் அந்தப் பெயர்.

சிவாஜிநகரில் ரஸல் மார்க்கெட்டைத் தாண்டி இருக்கும் கடையில் இரண்டு கிலோ நெஞ்சுக்கறி வாங்கினேன். பாய் அதை 'சீனா' என்பார். சீனா என்று கேட்டால்தான் கொழுப்பும் நாரும் சேர்ந்த சரியான துண்டு வரும். மாட்டுக்கறி என்று பொதுவாகச் சொன்னாலும் இப்போது கிடைப்பது எருமைதான். 2021-இல் நடைமுறைக்கு வந்த கர்நாடகச் சட்டப்படி பசு, காளை, எருது எதையும் அறுக்கக் கூடாது. எருமையிலும் 13 வயதைத் தாண்டியதற்குத்தான் அனுமதி. இதைச் சமையல் கணக்கில்தான் சொல்கிறேன். வயதான மிருகத்தின் நார் தடித்து நீளமாக இருக்கும், தசையைக் கட்டிப்பிடித்திருக்கும் சவ்வு லேசில் கரையாது. வெளிநாட்டுக் குறிப்பில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி இறக்கினால் பல்லுக்குத்தான் வேலை. பிறகு வந்த கோளாறுகளில் பாதிக்கு இதுவே காரணம்.

இரண்டு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் கல்லுப்பு, ஒரு எலுமிச்சை அளவு வெல்லம், மிளகு, பிரிஞ்சி இலை, பட்டை, தட்டிய பூண்டு எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபின் கறியை மூழ்கவிட்டு ஆறு நாள் ஃபிரிட்ஜில் வைத்தேன். தினமும் ஒருதரம் புரட்டவேண்டும். 24-ஆம் தேதி எடுத்துக் கழுவி, ஒரு மணி நேரம் பச்சைத் தண்ணீரில் போட்டு உப்பை இறக்கி, குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து 50 நிமிடம் வேகவிட்டேன்.

ஆன்ட்டி வீட்டில் இதில் வெடியுப்பு ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். அதுதான் கறிக்கு அந்த ரோஜா நிறத்தைக் கொடுப்பது. அதிலுள்ள நைட்ரேட் ஊறும்போது நைட்ரைட்டாக மாறி, கறியின் சிவப்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வெந்தபிறகும் நிறம் போகாது. சில கெட்ட கிருமிகளையும் அது தடுக்கிறது. ஆனால் கொஞ்சம் கூடினாலும் விஷம். என் சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. அளக்க முடியாத பொருளைச் சாப்பாட்டில் போடுவதில்லை என்று விட்டுவிட்டேன். அதனால்தான் சாம்பல் நிறம். ருசியில் பெரிய நஷ்டம் இல்லை. ஒன்று மட்டும் கண்டிப்பு: வெடியுப்பு இல்லாத கறியை ஒரு மணி நேரம்கூட வெளியே ஊறவிடக் கூடாது, ஃபிரிட்ஜ்தான்.

இனி சாண்ட்விச்.

26-ஆம் தேதி இரவு செய்தது எல்லாரும் செய்வதுதான். கறியை விரல் தடிமனுக்கு வெட்டினேன், ஒன்றுக்கு 80 கிராம். தெருமுனை அய்யங்கார் பேக்கரியின் வெள்ளை பிரெட். ஒரு சீஸ் ஸ்லைஸ். வெளியே உப்பு வெண்ணெய். தோசைக்கல்லைத் தோசைக்குக் காயவைப்பதுபோலக் காயவைத்து மேலே வைத்தேன். ஒன்றரை நிமிடத்தில் புகை. திருப்பினால் அடிப்பக்கம் கரி. மறுபக்கத்தை அவசரமாகச் சிவக்கவிட்டு இறக்கிப் பிளந்து பார்த்தேன். சீஸ் ஸ்லைஸ் பாக்கெட்டில் இருந்தபோது இருந்த அதே சதுரமாக, நான்கு மூலையும் கூர்மையாக, கறிமேல் படுத்திருந்தது.

நான் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவன். பேரிங் சூடாகிறதா என்று தொடாமல் பார்க்க ஒரு சூடுமானித் துப்பாக்கி வைத்திருக்கிறேன், குதிரையை அழுத்தினால் எண் வரும். பட்டறைப் பையிலிருந்து அதை எடுத்து வந்தேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். தோசைக்கல் 228 டிகிரி. பிளந்த சாண்ட்விச்சின் நடுக்கறி 24 டிகிரி.

அந்த இரண்டு எண்ணில் விஷயம் புரிந்துவிட்டது. ஃபிரிட்ஜிலிருந்து ஐந்து டிகிரியில் வந்த கறி, நடுவில் ஐஸ்கட்டி மாதிரி உட்கார்ந்துகொண்டு சீஸின் சூட்டையெல்லாம் உறிஞ்சுகிறது. பிரெட் முழுக்கக் காற்றறை. சூட்டை அது உள்ளே விடுவதே தயக்கத்தோடுதான். சீஸ் இளக 60, 65 டிகிரியாவது வேண்டும். அது வருமுன் வெளிப்பக்கம் கருகிவிடுகிறது. ஆக, சீஸ் உருகாததற்குக் காரணம் சீஸ் அல்ல, கறி.

இந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பழகிய கறுப்பு இரும்புக் கல்லில் சரியாகக் காட்டும். பளபளக்கும் எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களில் பொய் சொல்லும். தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் வெளிப்பக்கத்துக்கு எனக்கு 40 காட்டியது. பட்டறையில் பளபளப்பான மோட்டார் உடம்புமேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளப்போம். அடுப்பில் அந்த வேலையெல்லாம் வேண்டாம், டேப் உருகி நாறும்.

27 காலை. தீயைக் குறைத்தேன், மூடி போட்டேன், கறியை முன்கூட்டியே வெளியே எடுத்துவைத்தேன், தடிமனையும் கொஞ்சம் குறைத்தேன், 60 கிராம். சீஸ் உருகிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கடி கடித்தேன். கறித்துண்டு முழுசாக உருவிக்கொண்டு வாயோடு வந்துவிட்டது. கையில் சீஸ் தடவிய வெறும் ரொட்டி. மென்றேன், மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். அதைவிட மோசம் உப்பு. கறியில் உப்பு, சீஸில் உப்பு, வெண்ணெயில் உப்பு, போதாததற்கு ருசிக்கு இருக்கட்டும் என்று எலுமிச்சை ஊறுகாயை வேறு தடவியிருந்தேன். அன்று பகல் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மீதிக் கறியைத் தட்டில் வைத்துக்கொண்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கறியை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னா மேன், விறகு பொளக்கற மாதிரி வெட்டி வச்சிருக்கே? நார் எந்தப் பக்கம் ஓடுது, பாத்தியா நீ?"

பார்க்கவில்லை. நார் ஓடும் திசையிலேயே வெட்டியிருந்தேன். ஒவ்வொரு துண்டிலும் முழு நீள நார், கயிறு மாதிரி. கறியின் பக்கவாட்டை வெளிச்சத்தில் பார்த்தால் கோடுகள் தெரியும். கத்தி அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே போகவேண்டும். நார் நறுக்கப்பட்டுவிட்டால் மிச்சத்தை அது தானே பார்த்துக்கொள்ளும். இதில் ஒரு குழப்பம் உண்டு. நெஞ்சுக்கறியில் இரண்டு தசை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும், நடுவே ஒரு கொழுப்புப் படலம், இரண்டின் நாரும் வேறு வேறு திசை. ஆன்ட்டி கட்டைவிரலை அந்தப் படலத்துக்குள் விட்டு இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தார். பிரித்த பிறகு வெட்டினால் எல்லாத் துண்டும் சரியாக வருகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெட்டவேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். குளிர்ந்த கறி விறைப்பாக நிற்கும், கத்தி தீட்டியிருந்தால் பத்து பைசாத் தடிமனுக்குக்கூடச் சீவலாம். வெதுவெதுப்பானால் பிய்ந்து வரும்.

அதாவது முதல் நாள் எது எனக்கு எதிரியாக இருந்ததோ, அந்தக் குளிர்ச்சி வெட்டும்போது மட்டும் கூட்டாளி. வெட்டி முடித்தபின் அதை விரட்டவேண்டும்.

விரட்டுவதற்குக் கண்டுபிடித்த வழிதான் இந்த மூன்று நாளில் நான் சொந்தமாகச் செய்த ஒரே காரியம். சீவிய துண்டுகளை வடிகட்டியில் பரப்பி, வடிகட்டியை ஒரு கிண்ணத்துக்குள் வைத்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரைத் துண்டுகள் முங்கும்வரை ஊற்றினேன். மூன்று நிமிடம். தூக்கி வடித்தேன். கறியும் சூடாகிவிட்டது, உப்பும் இறங்கிவிட்டது. கிண்ணத்துத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் கடல் தண்ணீர். மேலே மிதந்த கொழுப்புக் கண்ணெல்லாம் அதோடு போயிற்று. பிறகு துண்டுகளைக் காய்ந்த கல்லில் ஒரு நிமிடம் பரப்பி ஈரத்தை விரட்டவேண்டும். இந்த ஒரு நிமிடத்தைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டால் பிரெட் நனைந்து களியாகிவிடும்.

சீஸ் பக்கம் வருகிறேன். வீட்டில் மூன்று தினுசு இருந்தது. ஸ்லைஸ், பிராசஸ்டு கட்டி, பீட்சாவுக்கான மொசரெல்லா. மூன்றையும் கல்லின் ஓரத்தில் தனித்தனியே ஒரு சிட்டிகை வைத்துப் பார்த்தேன். ஸ்லைஸ் குழம்பாக ஓடியது. கட்டி, வடிவம் மாறாமல் மெத்தென்று ஆனது, லேசில் ஓடவில்லை. மொசரெல்லா நூலாக இழுபட்டது, ஆனால் வாயில் போட்டால் சப்பென்று பால்கட்டி. சீஸுக்குள் இருப்பது கேசின் என்ற பால் புரதத்தின் வலை, வலையின் முடிச்சுகள் கால்சியம். சூட்டில் முடிச்சு தளர்ந்தால் உருகுகிறது. முதிர்ந்த செடார் மாதிரியானவற்றை வேகமாகச் சூடேற்றினால் வலை சுருண்டு எண்ணெய் தனியே பிரிந்துவிடும். இதற்குத்தான் 1911-இல் சுவிட்சர்லாந்தின் துன் நகரில் வால்ட்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சிட்ரேட் உப்பைச் சேர்த்து உருக்கிப் பார்த்தார்கள். அந்த உப்பு கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்வதால் புரதமும் கொழுப்பும் பிரியாமல் ஒரே குழம்பாக நிற்கும். நம் பிராசஸ்டு சீஸ் அங்கிருந்து வந்தது. பனீரைப் போட்டால் என்ன என்று மனைவி கேட்டாள். பனீர் எத்தனை சூடு போட்டாலும் உருகாது. எலுமிச்சை, வினிகர் என்று புளிப்பு ஊற்றித் திரிக்கும்போதே கால்சியம் கழன்றுபோய், புரதம் ஒன்றோடொன்று நேராக ஒட்டி இறுகிவிடுகிறது. அதனால்தான் பாலக் பனீரில் அது கொதித்தாலும் சதுரமாகவே கிடக்கிறது.

நான் கடைசியில் பிடித்த அளவு, துருவிய மொசரெல்லா ஒரு பிடி, துருவிய பிராசஸ்டு கட்டி அரைப்பிடி. நூலுக்கு அது, ருசிக்கு இது. மொசரெல்லாவில் உப்பு கம்மி என்பது கூடுதல் லாபம். துருவினால் பாதி நேரத்தில் உருகுகிறது. அடுப்பு பற்றவைப்பதற்கு அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்துவைக்கவேண்டும். டிசம்பர் பெங்களூரில் வெளியே வைத்தாலும் அது ஒன்றும் கெட்டுவிடாது.

அமெரிக்காவில் இதே சாமான்களோடு புளித்த முட்டைகோஸ் வைத்து, ரை என்ற தானிய மாவில் செய்த பிரெட்டில் சுட்டு, ரூபன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்த ரூபன் யார் என்பதில் தகராறு. 1920-களில் ஓமஹாவின் பிளாக்ஸ்டோன் ஹோட்டலில் சீட்டாட வந்த ரூபன் குலகோஃப்ஸ்கி என்ற மளிகைக்காரர் என்று ஒரு கட்சி, நியூயார்க்கில் கடை வைத்திருந்த ஆர்னால்ட் ரூபன் என்று இன்னொரு கட்சி. எங்கள் சர்ச்சிலேயே நாலு ரூபன் உண்டு, அவர்களும் உரிமை கோரலாம். பெயரை விடுங்கள், கோஸ் வைத்தது புத்திசாலித்தனம். உப்பும் கொழுப்பும் இத்தனை இருக்கும் இடத்தில் புளிப்பு இல்லாவிட்டால் மூன்றாவது வாயில் திகட்டிவிடும். என் எலுமிச்சை ஊறுகாயின் நோக்கம் சரிதான், அதன் உப்புதான் தப்பு.

கோஸை முறையாக உப்பில் புளிக்கவைக்க வாரக்கணக்காகும். எனக்கு இருந்தது ஓர் இரவு. கால் கிலோ கோஸை நூலாக நறுக்கி, இரண்டு சிட்டிகை உப்பு போட்டுக் கையால் நன்றாகப் பிசைந்து, இரண்டு ஸ்பூன் வினிகர், அரை ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் சீரகம் போட்டு மூடிவைத்தேன். காலையில் துணியில் கட்டிப் பிழிந்தால் கால் டம்ளர் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் சாண்ட்விச்சுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடுகு. இதில் ஆன்ட்டி ரொம்பக் கண்டிப்பு. பாட்டில் மஸ்டர்ட் எல்லாம் அவருக்கு மஞ்சள் பெயின்ட். நம் கறுங்கடுகை மிக்ஸியில் பொடித்து, பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் சும்மா வைக்கவேண்டும். காரம் கடுகில் தயாராக இருப்பதில்லை. நொறுங்கி ஈரம் பட்டபிறகு உள்ளே இருக்கும் ஒரு நொதி வேலை செய்துதான் காரம் பிறக்கிறது. வெந்நீர் ஊற்றினால் அந்த நொதி செத்துவிடும், கசப்புதான் மிச்சம். முதலிலேயே வினிகர் ஊற்றினாலும் காரம் சரியாக ஏறாது. பத்து நிமிடம் கழித்து ஊற்றினால், ஏறிய காரம் அப்படியே நிற்கும். மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தெரியும்.

பிரெட்டுக்கு வெள்ளை பிரெட்டைக் கைவிட்டேன். அதன் இனிப்பும் மென்மையும் டீயில் தொட்டுக்கொள்ளத்தான் லாயக்கு. ரைக்கு எங்கே போவது? அதே பேக்கரியில் ராகி பிரெட் போடுகிறார்கள். நிறம் கறுப்பு, லேசான மண்வாசனை, கொஞ்சம் அழுத்தமான உடம்பு. 27-ஆம் தேதி வாங்கி வைத்ததை 28-ஆம் தேதி எடுத்தேன். ஒருநாள் பழசான பிரெட்தான் இதற்கு நல்லது. ஈரம் இறங்கியிருப்பதால் சீக்கிரம் மொறுமொறுப்பாகிறது.

28 சாயங்காலம் செய்தது இது. தோசைக்கல்லைச் சிறு தீயில் ஐந்து நிமிடம் விட்டேன். துப்பாக்கியில் 155. துப்பாக்கி இல்லாதவர்கள் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். துளி முத்தாக உருண்டு ஓடினால் கல் அதிகம் காய்ந்துவிட்டது, இறக்கி ஆறவிடுங்கள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சுர்ரென்று வற்றினால் சரி. பிரெட்டின் வெளிப்பக்கம் உப்பில்லாத வெண்ணெய். நெய்யும் தடவிப் பார்த்தேன். வாசனை பிரமாதம், ஆனால் சிவப்பு ஒரே சீராக வரவில்லை. வெண்ணெயில் கொஞ்சம் பால்சத்து இருக்கிறது, அதுதான் அந்தப் பொன்னிறத்தைத் தருவது. நெய் உருக்கும்போது அதைத்தானே கசண்டாக வடித்துவிடுகிறோம்.

ஒரு துண்டு பிரெட், அதன்மேல் பாதி சீஸ், மேலே 50 கிராம் சூடான கறியைத் தட்டையாக அடுக்காமல் மடித்து மடித்துக் குவியலாக, அதன்மேல் கடுகு ஒரு கீற்று, பிழிந்த கோஸ் ஒரு சிறு பிடி, மீதி சீஸ், இன்னொரு பிரெட். சீஸ் இரண்டு பக்கமும் பிரெட்டைத் தொட்டால்தான் பசையாகப் பிடிக்கும். கடித்தால் கறி உருவிக்கொண்டு வராது.

மேலே பாரம் வேண்டும். சமையலறை மூலையில் அத்தையின் அம்மிக் குழவி கண்ணில் பட்டது. ஃபாயிலில் சுற்றி வைத்தால் கச்சிதமாக இருக்குமே என்று கையை நீட்டினேன். அத்தை நாகர்கோவிலிலிருந்து கிறிஸ்மஸுக்கு வந்திருந்தார். மாட்டுக்கறி தொடமாட்டார், ஆனால் நான் சமைப்பதை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

"மாப்பிள்ளை, அது வேண்டாம். நான் அதுல தேங்கா அரைக்கணும். வேற கல்லு பாருங்க."

வேறு கல் இல்லை. ஒரு சின்னத் தட்டை சாண்ட்விச் மேல் கவிழ்த்து, அதன்மேல் பால் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி வைத்தேன். பச்சைத் தண்ணீரானால் அதுவேறு சூட்டை இழுக்கும். இதில் ஒரு வசதி, பாரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு லிட்டர் ஊற்றினேன், சீஸ் நான்கு பக்கமும் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. அரை லிட்டராகக் குறைத்ததும் அடங்கியது. பிதுங்கி வந்த சீஸ் கல்லில் பரவி, ஓரம் பொரிந்து, தோசை முறுகல் மாதிரி பிரவுனாக எழும்பியது. தோசைத்திருப்பியால் சுரண்டித் தட்டில் போட்டேன். செருப்புத் தோல் என்று சொன்னவன் அதைத் தங்கைக்குத் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டான்.

ஒரு பக்கம் நான்கு நிமிடம், திருப்பி மூன்றரை நிமிடம். அதில் கடைசி ஒரு நிமிடம் பாரத்தை எடுத்துவிட்டு மூடி போட்டேன். இறக்கியதும் வெட்டக் கூடாது. ஒரு நிமிடம் கம்பித்தட்டில் வைக்கவேண்டும். சாப்பாட்டுத் தட்டில் வைத்தால் ஆவி அடியில் தங்கி, கஷ்டப்பட்டு வாங்கிய மொறுமொறுப்பு போய்விடும். குறுக்கே வெட்டிப் பிரித்தபோது இரண்டு பாதிக்கும் நடுவே சீஸ் நூல் பாலம் போட்டது. நடுக்கறியை நோக்கித் துப்பாக்கியைப் பிடித்தேன். 66.

மனைவி, பிள்ளைகள், நான் என்று ஆளுக்கு ஒன்று. பிறகு மகனுக்கும் எனக்கும் இன்னொன்று. உப்பு சரியாக இருந்தது. மகள் மட்டும் கோஸை விரலால் பொறுக்கி ஓரமாக வைத்தாள். கடுகைத் தின்றுவிட்டு என் மனைவி கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். அத்தைக்குக் கறி இல்லாமல் சீஸும் கோஸும் மட்டும் வைத்து, கல்லைத் தேய்த்துக் கழுவி அவர் கண் முன்னாலேயே சுட்டுக் கொடுத்தேன். "இட்லிப்பொடி கொஞ்சம் தூவியிருக்கலாம்" என்றார். யோசித்துப் பார்த்தால் தப்பில்லை.

டப்பாவில் 60 கிராம் மிஞ்சியது. சமைத்து நான்கு நாளாகிவிட்டது. இதற்குமேல் ஃபிரிட்ஜில் வைக்கமாட்டேன், வைப்பதானால் இரண்டாம் நாளே ஃபிரீசருக்குப் போயிருக்கவேண்டும். அதையும் சீவிப் பதினோராவது சாண்ட்விச் சுட்டு, ஃபாயிலில் சுற்றாமல் (சுற்றினால் வியர்த்துவிடும்) தட்டில் வைத்து மூடி, ஆன்ட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலில் நின்றபடியே பிளந்து பார்த்தார். நார் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். அப்புறம்தான் கடித்தார்.

"கறி ஓக்கே மேன். மஸ்டர்ட் பத்தல."

தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று அச்சுமுறுக்கு நாலு வைத்துக் கொடுத்தார்.